டிரைவருக்கு ஒரு காபி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. பாதியைச் சுனிதா சொன்னாள், கம்பெனி கேண்டீனில், தயிர்சாதத்தைச் சாப்பிடாமல் கிளறிக்கொண்டே. மறுபாதியை என் மச்சினன் பத்ரிநாத் சொன்னான், பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டு. இரண்டும் ஒரே காரைப் பற்றியவை என்று எனக்கு உறைக்கவே அந்த இரண்டாவது பாயசம் தீர வேண்டியிருந்தது. என் மூளை அப்படி.

சுனிதா வேலை பார்க்கிற மென்பொருள் கம்பெனியில் நான் கையேடு எழுதுகிறவன். 'இந்தப் பொத்தானை அழுத்தவும்' என்று எழுதிப் பிழைப்பு நடக்கிறது. எப்போதோ பத்திரிகையில் நாலு கதை வந்தது. அதை நம்பித்தான் அவள் கேட்டாள்.

"சார், நீங்க கதை எழுதறவரு. மனுஷங்க மனசு உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க, எங்கப்பா என்னை வித்துட்டாரா?"

மனுஷர் மனசு எனக்குத் தெரியுமாம்! என் மனைவி கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பாள். ஆனாலும், எழுதித் தருகிறேன், படித்துப் பார்த்து நீயே முடிவு செய் என்று சொல்லித் தொலைத்தேன். நாளைக் காலை பத்தரைக்குக் கொடுக்க வேண்டும்.

2

முதல் தொடக்கம் இது: '2006 ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ரெசிடென்சி ரோடு கார் ஷோரூமின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சுனிதா—'

நிறுத்திவிட்டேன். அந்த மாதிரி இடத்தில் கதவைத் தள்ள வேண்டியதில்லை. திறந்துவிட ஆள் உண்டு.

இரண்டாம் தொடக்கம்: 'கோவிந்தன் காசைக் கண்டால் விடுகிற ஆளில்லை.'

இதை அடித்துவிட்டேன். ஆனால் அழிக்கவில்லை, நீங்களும் பாருங்கள் என்று விட்டுவைத்திருக்கிறேன். சுனிதாவின் அப்பா கோவிந்தனை நான் அப்போது கண்ணால்கூடப் பார்த்ததில்லை. முப்பத்திரண்டு வருஷம் ஒரு கம்பெனி டைரக்டர்களுக்குக் கார் ஓட்டியவர் என்பது மட்டும்தான் தெரியும். அது தெரிந்ததுமே என் கை இந்த வாக்கியத்தை எழுதிவிட்டது.

[அடிக்குறிப்பு: எங்கள் வீட்டில் டிரைவர் வைத்துக்கொண்டதே கிடையாது. டிரைவர்களைப் பற்றிய அபிப்பிராயம் மட்டும் வைத்திருந்தோம்.]

மூன்றாவது தொடக்கம்தான் நிற்கிறது.

3

சுனிதாவின் பழைய மாருதியை மர்பி டவுன் வீட்டிலிருந்து கோவிந்தன்தான் ஓட்டிவந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, வெள்ளை பேண்ட், இரண்டும் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணியவை. மகள் புது வண்டி வாங்கப் போகிறாள், நல்ல உடுப்பு போட வேண்டாமா? அவரிடம் இருந்த நல்ல உடுப்பெல்லாம் வெள்ளைதான். ரிடையர் ஆகி நாலு வருஷம் ஆகியும் கலர் சட்டை அவருக்கு ஒட்டவில்லை.

அவர் ஓட்டினால் சுனிதா பின்சீட்டில்தான் உட்கார வேண்டும். "முன்னால உக்காந்தா தூங்கி வழிவே, எனக்கும் தூக்கம் வந்துடும்" என்பார். ஷோரூம் வாசலில் வண்டி நின்றதும் மனிதர் இறங்கி ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டார். இதற்காக அவரோடு சண்டை போட்டுச் சுனிதா என்றோ ஓய்ந்துபோயிருந்தாள். கை பழகிவிட்டது, என்ன செய்ய?

"நீ உள்ள போம்மா. நான் வண்டிய உட்டுட்டு வரேன்."

அவர் வண்டியைப் பின்பக்கம் நிறுத்திவிட்டு, சர்வீஸ் கொட்டகை வழியாக, பக்கக் கதவால் உள்ளே வந்தார். முப்பத்திரண்டு வருஷமாக எந்த ஷோரூமுக்கும் அவர் அந்த வழியாகத்தான் போயிருக்கிறார். முன்கதவு என்று ஒன்று தனக்கும் உண்டு என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

4

அந்தக் கார் பார்க்கச் சின்னது. உள்ளே தோல் சீட், மரப்பலகை போட்ட டேஷ்போர்டு, கதவைச் சாத்தினால் 'டப்' என்று ஒரு பணக்காரச் சத்தம். ரோட்டுக்கு வர பதினொன்றரை லட்சம். கம்பெனி பெயரில் லீஸ் எடுத்து, நாற்பத்தெட்டு மாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். முடிவில் ஒரு மிச்ச விலையைக் கட்டினால் வண்டி அவளுக்கு. மர்பி டவுனில் அவர்கள் தெருவில் அப்படி ஒரு வண்டி நின்றதில்லை.

விற்க உட்கார்ந்திருந்தவன்தான் என் மச்சினன் பத்ரி. வயது இருபத்தெட்டு, கழுத்தில் டை, வாயில் தேன்.

"லீஸ் கேஸுக்கு டிஸ்கவுண்டே கிடையாது மேடம். கம்பெனிதானே வாங்கறது?"

"கம்பெனி பேர்ல வாங்குது. கட்டறது நான்தான், மாசா மாசம்."

"ஃப்ளோர் மேட் ஃப்ரீயா போட்டுத் தரேன். நான் சும்னே சொல்லல மேடம், எங்களுக்கு இதுல மார்ஜினே இல்ல."

மார்ஜினே இல்லை என்று யாராவது சொன்னால் அங்கே கொழுத்த மார்ஜின் இருக்கிறது என்பது சுனிதாவுக்குத் தெரியும். எவ்வளவு என்பதுதான் தெரியவில்லை. பதினைந்தாயிரம் குறைத்தான். அதற்கு மேல் மேனேஜரைக் கேட்க வேண்டும் என்றான். கேட்கிறேன் என்று எழுந்து போனவன் மேனேஜர் அறைப்பக்கம் போகவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பக்கக் கதவோரம், அவள் அப்பாவின் தோளில் கை போட்டுப் பேசிக்கொண்டிருந்தான்.

5

சுனிதா பார்த்தாள். பத்ரி இரண்டு விரலைக் காட்டினான். அப்பா தலையை ஆட்டினார், இல்லை என்று. பத்ரி சிரித்தான். பிறகு ஒரு காக்கிக் கவர் கைமாறியது. அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டு, மேலே கையை வைத்து அழுத்தினார்.

திரும்பும்போது ட்ரினிட்டி சர்க்கிள் சிக்னலில் கேட்டாள்.

"அந்த சேல்ஸ்காரன் உன்கிட்ட என்னப்பா பேசிட்டிருந்தான்?"

"ஒண்ணுமில்ல. மைலேஜ் பத்தி."

"மைலேஜா?"

"ஆமா. நீ ஒண்ணு பண்ணு. திங்கக்கிழமை போன் பண்ணி ஒரு லட்சம் கொறைன்னு கேளு. ஒரே பேச்சு. கொறைப்பான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்மா. கேளு."

கேட்டாள். முக்கி முனகி எண்பதாயிரம் குறைத்தான். மாதத் தவணையில் இரண்டாயிரத்துக்குப் பக்கத்தில் மிச்சம். வண்டி வந்த நாளில் மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, எல்லாம் ஆனது. அன்றைக்கும் ஒரு கவர் கைமாறியது. இரண்டாவது கவர், முதலாவதைவிடத் தடிமன்.

அப்பா இன்றைக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார் என்று சுனிதா காத்திருந்தாள். ஒரு வருஷம் ஆகிவிட்டது. இப்போதெல்லாம் தன் மாரத்தஹள்ளி ஃபிளாட்டிலிருந்து மர்பி டவுனில் அப்பா வீட்டுக்கு வந்தால், அவள் கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்காருகிறாள். இதை அவளே என்னிடம் சொல்லிவிட்டு, "ச்சீ, எனக்கே அசிங்கமா இருக்கு சார்" என்று அழுதுவிட்டாள்.

6

இந்தப் பகுதியைச் சுனிதா என்னிடம் சொல்லவில்லை.

கல்யாணப் பந்தியில் ஒரு டிரைவரைப் பற்றிப் பத்ரி அலுத்துக்கொண்டபோது நான் கேட்டேன், "அவர் டிரைவர்னு உனக்கு யார்டா சொன்னா?"

"யாராவது சொல்லணுமா அத்திம்பேர்? வெள்ளை டிரெஸ், பக்கக் கதவு. போறாததுக்கு நான் மேடம்கிட்டயே கேட்டேனே!"

அவன் கேட்டது பேரம் தொடங்கும் முன்னால். கோவிந்தன் பக்கக் கதவால் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, புது வண்டியின் டயரைப் பார்த்து நின்றிருந்தார். மேசைக்கும் அவருக்கும் எட்டடி இருக்கும்.

"மேடம், உங்க டிரைவருக்கும் ஒரு காபி குடுக்கச் சொல்லட்டுமா?"

சுனிதா விலைப்பட்டியலிலிருந்து தலையைத் தூக்கினாள். அப்பாவைப் பார்த்தாள்.

"ம். குடுங்க."

அவ்வளவுதான். 'அவர் எங்கப்பா', இரண்டே சொல். மீட்டிங்கில் மேலதிகாரியையே நிறுத்தித் திருத்துகிற பெண் அவள். ஏன் சொல்லவில்லை? ஏனென்றால் அந்த நிமிஷத்தில் அவள்— இல்லை. ஏனென்றால் அந்தத் தோல் நாற்காலியில் முதல்முறையாக— இதுவும் இல்லை. ஒரு மூச்சு தாமதமாகிவிட்டது, அப்புறம் சொன்னால் இன்னும் கேவலம் என்று—

மூன்று வாக்கியத்தையும் முடிக்க முடியவில்லை. அவள் சொல்லாததை நான் எப்படி முடிப்பது?

7

பத்ரியின் அலுப்பு வேறு.

பெங்களூரில் வண்டி விற்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலாளி வண்டி வாங்க வந்தால் டிரைவரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகிற வழியிலேயே, 'இது வேணாங்க, கிளட்ச் சரியில்ல' என்று கதையை முடித்துவிடுவார். அதனால்தான் மேனேஜரைக் கேட்கிற சாக்கில் பத்ரி அவரிடம் போயிருக்கிறான்.

"மேடத்தாண்ட எவ்ளோ வருஷமா இருக்கீங்க?"

"அவங்க பொறந்ததுலேர்ந்து."

"அட, பழைய ஆளு! பத்தாயிரம் வெச்சுக்கோங்க. இந்த வண்டியவே எடுக்கச் சொல்லுங்க."

கோவிந்தன் வேண்டாம் என்று சொல்லவில்லை. போதாது என்றார். இருபதுக்கும் தலையாட்டவில்லை. இருபத்தைந்தில் நின்றது. ஐந்து அப்போதே, மிச்சம் வண்டி எடுக்கும் நாளில்.

"டிரைவருக்கு இருபத்தஞ்சு தரேன்னா, உள்ள லட்சம் இருக்குன்னு அந்த ஆளுக்குக் கணக்கு தெரிஞ்சுடுத்து, அத்திம்பேர். அப்படியே மேடம்கிட்ட சொல்லிட்டான். டிஸ்கவுண்டும் போச்சு, கமிஷனும் போச்சு. சக்கத் கில்லாடி, பயங்கர கில்லாடி!"

ஆக, பணம் வாங்கியது உண்மை. சுனிதாவின் சந்தேகத்துக்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது. இனி முடிவுதான் பாக்கி. இரண்டு எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: கோவிந்தன் ஒரு தீபாவளியன்று கவர்களை மகளிடம் நீட்டி, 'விலையைக் கறக்கத்தான் வாங்கினேன்' என்கிறார். (நன்றாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை. ஒரு வருஷம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தார்?)

முடிவு ஆ: செலவழித்துவிட்டார். (என் இரண்டாம் தொடக்கத்தை எழுதிய கைதான் இதையும் எழுதியது. அந்தக் கையை நான் நம்பவில்லை.)

வேறு வழியில்லாமல், யாரும் கேட்காத மனிதரையே கேட்டுவிடுவது என்று கிளம்பினேன்.

8

போன ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினோரு மணி. மர்பி டவுனில் கோவிந்தன் வெள்ளைச் சட்டையோடுதான் கதவைத் திறந்தார். நான் யார் என்று சொன்னதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"சுனிதா சொல்லிச்சி சார், நீங்க கதை எழுதறீங்கன்னு. கார் வாங்கின கதையா?"

"ஆமாங்க."

மின்விசிறியைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"அதுல காபி வருதா?"

காபியைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"உங்களுக்குக் கேட்டுதா?"

"எட்டடி தூரம் சார். செவிடா நானு?"

எழுந்து போய் பீரோவைத் திறந்து இரண்டு காக்கிக் கவர்களைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டிலும் குத்திய ஸ்டேப்ளர் பின் அப்படியே இருந்தது. லேசாகத் துரு.

"அப்போ ஏன் வாங்கினீங்க?"

"வாங்காம? கமிஷன் வேணாம்னு சொல்ற டிரைவரு இந்த ஊர்ல எங்க சார் இருக்கான்? வேணாம்னா அந்தப் பையனுக்கு டவுட் வந்துடும். இந்த ஆளு யாருன்னு போயி அவளாண்ட கேப்பான். அப்போ எம் பொண்ணு மூஞ்சிய எங்க வெச்சிக்கும்? அது வாயில வந்துட்ச்சி, சின்ன வார்த்தை. அதைப் பொய்யாக்கக் கூடாதுன்னுதான் டிரைவராவே பேரம் பேசினேன். பேசறதுதான் பேசறோம், நல்லாப் பேசுவோம்னு இருபத்தஞ்சு வரைக்கும் போனேன்." சொல்லிவிட்டுச் சிரிக்கக்கூடச் செய்தார்.

"அவ உங்களைச் சந்தேகப்படறா."

"தெரியும் சார். பையை மடியிலயே வெச்சிகினு உக்காருது." சிரிப்பு நின்றுவிட்டது. "படட்டும். அப்பன் காசு எடுத்தான்னு கோவம், கொஞ்ச நாள்ல ஆறிடும். எனக்குக் கேட்டுச்சின்னு தெரிஞ்சா அது தூங்காது. நான் பெத்தது, எனக்குத் தெரியாதா?"

கவர்களை என் பக்கம் தள்ளினார்.

"இது உங்க கமிஷன். காபிய எடுத்துடுங்க."

வாங்கினேனா என்றுதானே கேட்கிறீர்கள்? வாங்கினேன். வாங்காவிட்டால் அவருக்கு என் மேல் சந்தேகம் வந்துவிடும் அல்லவா?

கவர்கள் என் மேசையில் இருக்கின்றன. நான் பின்னைக் கழற்றவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். உங்களிடம் இருப்பது முழுப் பிரதி. சுனிதாவின் பிரதியில் ஆறாம் பகுதியையும் இந்த எட்டாம் பகுதியையும் தனித்தனித் தாளில் எழுதி, தைக்காமல் வைத்திருக்கிறேன். எடுத்துவிட்டால், ஏழோடு கதை முடியும். தலைப்பையும் மாற்றிவிடலாம். அவள் அப்பா காசு வாங்கியவர் என்று அவளுக்கு உறுதியாகிவிடும், பை மடியிலேயே இருக்கும். வைத்துவிட்டால், அப்பா அவளை விற்கவில்லை என்று தெரியும். எட்டடி தூரத்தில் அவர் நின்றிருந்ததும் தெரியும்.

கம்பெனி கேண்டீன், காலை மணி பத்து இருபது. லிஃப்டிலிருந்து அவள் வருகிறாள், கையில் கார் சாவி. வழக்கம்போல் இரண்டு காபி வாங்கி, ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டு, "எழுதிட்டீங்களா சார்?" என்று கையை நீட்டுகிறாள்.

இரண்டு தாளும் என் இடது கையில் இருக்கின்றன. சீக்கிரம் சொல்லுங்கள்.