பூன் லே விளக்கு

சிங்கப்பூர் வாழ் பொதுமக்களின் மேலான கவனத்துக்கு: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்காம் ஆண்டு, தேக்காவில் ஒரு பூமாலைக் கடையின் மேல்மாடியில், இளந்தளிர் நலச் சங்கத்தின் செயலாளர் திரு. அழகப்பன் அவர்கள் குழந்தைகளின் துயரத்துக்கு மின்சார இணைப்புக் கொடுத்தார்.

துவாஸில் ஒரு தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கப் போனவர், அங்கே சுவர் முழுக்க மினுக்கிய விளக்குகளைக் கண்டு மயங்கிவிட்டார். தன் காரில் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருப்பதைப் போலவே இருந்ததால் தான் செய்வித்த பலகைக்கு 'டேஷ்போர்டு' என்று பெயரும் வைத்தார். குழந்தைக்கு ஒரு விளக்கு, ஃபைல் எண் வரிசையில். ஊழியர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டால் பச்சை, இல்லையேல் சிவப்பு. ஆனால் அந்த ஊழியரே ஒவ்வொரு வீட்டுக்குப் பிறகும் ஆபிசுக்குத் திரும்பி வந்து தன் கையால் சுவிட்சைத் தட்ட வேண்டும். போனில் சொன்னால் செல்லாது. வேலைப்பளுவைக் குறைக்க வந்த பலகை இது. வந்த நாள் முதல் ஊழியர்கள் குழந்தைகளைப் பார்த்ததைவிடப் பலகையைப் பார்த்ததே அதிகம்.

சங்கத்து ஊழியர் ரூபிக்குப் புதன்கிழமை என்றாலே பஸ்தான். ஃபைல்களை வரிசைப்படி பங்கு வைத்ததில் அவளுக்குக் கிழக்குக் கோடியில் தெம்பனிஸும் மேற்குக் கோடியில் பூன் லேயும் ஒரே நாளில் விழுந்திருந்தன. பூன் லேயில் கண்மணி. எட்டு வயது, தாய் இல்லை, தகப்பனுக்குப் பட்டறையில் இரவு வேலை. சங்கத்தின் ஆள் வாரந்தோறும் நேரில் பார்த்தால் பிள்ளை தகப்பனோடு இருக்கலாம். தொடர்ந்து இரண்டு வாரம் தவறினால் விடுதி. அதுதான் அரசாங்க உத்தரவு.

ஒரு வாரம் தவறிவிட்டது. தெம்பனிஸிலிருந்து ஆபிசுக்கு வந்து சுவிட்சைத் தட்டிவிட்டு, பஸ் மாறி அவள் போய்ச் சேர்ந்தபோது கதவு பூட்டியிருந்தது.

"ஆன்ட்டி, அப்பா வேலைக்குப் போயிட்டாரு. யாருக்கும் திறக்கக்கூடாது" என்றது கதவு.

கதவோடு பேசியதற்குப் பலகையில் விளக்கு இல்லை.

மறுநாள் காலை ரூபி செயலாளரின் அறைக்குள் போனாள். இந்தப் பலகையை மாற்றாமல் விடுவதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தாள். அழகப்பனோ பலகையின் திறப்பு விழாப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பலகையில என்ன குறை, மிஸ் ரூபி? ஜப்பான்காரனே கேட்டா அசந்துடுவான்."

"குறைன்னு சொல்லலை சார். அடுத்த புதன்கிழமை நீங்களே என்கூட வாங்க. 'களத்தில் நேரில் கண்டேன்'னு பேச்சுல சேத்துக்கலாம்."

அந்தச் சொற்றொடர் அவருக்கு நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது.

"கார்ல போயிடலாமே?"

"எங்களுக்குக் கார் இல்லையே சார். களம்னா பஸ்தான்."

புதன்கிழமை டை கட்டிக்கொண்டு கிளம்பினார் அழகப்பன். தெம்பனிஸில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது என்ற உண்மையை நேரில் கண்டார். வெளியே வந்ததும் ரூபி தேக்கா போகும் பஸ்ஸுக்குக் கைகாட்டினாள்.

"மறுபடி ஆபிசுக்கு எதுக்கு?"

"சுவிட்ச் போட."

"போன்ல சொல்லிடலாம்ல?"

"கூடாதுன்னு சர்க்குலர் இருக்கு சார். உங்க கையெழுத்துதான்."

பூன் லே பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். டை சட்டைப்பைக்குள் போயிருந்தது. ரூபி படியேறவில்லை, ஓடினாள். கண்மணியின் தகப்பன் சாவியைக் கையில் எடுத்திருந்தார்.

"பாத்துட்டேன்!" என்றாள் ரூபி மூச்சிரைக்க, பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு.

கண்மணி அவளுக்குப் பின்னால் வந்தவரை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தத் தாத்தாவாலதான் லேட்டா?"

மை பூசிய தலையை அழகப்பன் தடவிக்கொண்டார்.

மறுநாள் ரூபி தன் திட்டத்தைச் சொன்னாள். ஃபைல் எண் வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்துப் பேட்டை அவரவருக்கு. பார்த்ததும் போன் போதும். பச்சை விளக்கே வேண்டாம். யாரும் பார்க்காத பிள்ளைக்கு மட்டும் சிவப்பு எரியட்டும், பார்த்ததும் அணைத்துவிடலாம்.

"பலகை இருட்டா இருக்குமே?"

"இருட்டா இருந்தாத்தான் நல்லது சார்."

வீங்கிய பாதங்களை மேசைக்கடியில் நீட்டிக்கொண்டு அவர் சம்மதித்தார். மாலைக்குள் அது அவருடைய யோசனையாகவும் ஆகிவிட்டது. "ஆனா உங்க வீடு தெம்பனிஸ்ல, மிஸ் ரூபி. அப்ப பூன் லே தனசேகரனுக்கு."

இன்னொரு ஊழியரான தனசேகரன் பூன் லேயிலேயே குடியிருப்பவர். கண்மணியை மட்டும் தனக்குக் கேட்கலாம் என்று ரூபியின் நாக்கு நுனிவரை வந்தது. அவள் ஒன்று கேட்டால் மற்றவர்களும் ஆளுக்கொன்று கேட்பார்கள். மறுபடியும் தீவின் இரண்டு கோடிக்கும் பஸ். விழுங்கிக்கொண்டாள்.

"அண்ணே, அவ அப்பா கிளம்பறதுக்கு முன்னாடி போயிடுங்க" என்றாள் தனசேகரனிடம்.

"என் வீட்டுலேர்ந்து நாலு புளோக் தள்ளிம்மா. தூங்கி எழுந்து போனாக்கூட நேரத்துல போயிடுவேன் லா."

"தூங்காமலே போங்க."

அடுத்த புதன்கிழமை மாலை திறப்பு விழா. மாலைக் கடைக்காரரே பலகைக்கும் ஒரு மாலை போட்டார். அந்த வாரப் பிள்ளைகளை மற்ற எல்லோரும் பார்த்து முடித்திருந்தார்கள். கண்மணியின் விளக்கு மட்டும் சிவப்பாக எரிந்தது. ரூபி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாடாவை வெட்டிய நன்கொடையாளர் கேட்டார்: "என்ன அழகப்பன், கரண்ட் கட்டா?"

அழகப்பன் பாய்ந்து போய் மற்ற எல்லா சுவிட்சுகளையும் தட்டினார். பலகை தீபாவளி கொண்டாடியது. சிங்கப்பூரில் யாரும் பார்க்காத பிள்ளைகளாக அத்தனை பேரும் ஜொலித்தார்கள். படக்காரர் கேமராவைத் தூக்கியபோது போன் அடித்தது, ரூபி எடுத்தாள். தனசேகரன்.

"பாத்துட்டேன்மா. அப்பாவும் இருந்தாரு. பிள்ளை உள்ள கூப்பிட்டு ஒரு கப் மைலோ கொடுத்துச்சு. நீங்க ஏன் வரலைன்னுதான் கேட்டுச்சு."

"என்ன சொன்னீங்க?"

"பலகையை மாத்திட்டாங்கன்னேன்."

ரூபி போனை வைத்தாள். படக்காரருக்கும் விருந்தினருக்கும் நடுவே புகுந்து நேரே பலகைக்குப் போனாள்.

"மிஸ் ரூபி! படம் எடுத்தப்புறம் அணைக்கக்கூடாதா?"

"பிள்ளையைப் பாத்தாச்சு சார்."

தட்டினாள். விலகி நின்றாள். கேமரா மின்னியது.

மறுநாள் நாளிதழில் படம் வந்தது. நடுவில் ஒரு விளக்கு எரியவில்லை. பல்பு ஃப்யூஸ் என்று அழகப்பன் எல்லோரிடமும் சொன்னார்.