பிள்ளையார் சுழிக்கு விதிவிலக்கு

பெரிய காஞ்சிபுரத்தில், ஒரு பட்டுக்கடையின் மாடியில் பஞ்சாட்சரம் சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறார். கடைகளுக்கு பில் போடும் நிரல்தான் சரக்கு. அதை எழுதுகிறவர்களில் மூத்தவரான கதிர்வேல் ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் டேப் விசையைத் தட்டி உள்ளே தள்ளுவார். சின்ன காஞ்சிபுரத்து அபிநவ் ஸ்பேஸ் தட்டித்தான் தள்ளுவான். கோயில் யானைக்குப் போடும் நாமத்தின் வடிவத்துக்கே கோர்ட்டு ஏறிய ஊர். இதற்கு மட்டும் சண்டை வராதா?

சென்னையில் ஒரு பெரிய கடைக்காரர் நிரலை வாங்க முன்வந்தார். ஒரே சீராக இருக்க வேண்டும், தம் ஆட்கள் சோதிப்பார்கள் என்றார். பஞ்சாட்சரம், புதிதாகச் சேர்ந்திருந்த புவனேஸ்வரியைக் கூப்பிட்டார்.

"நீ இத சரி பண்ணிக் குடுத்தா வேலை நிரந்தரம்மா. இல்லாட்டி வேற எடம் பாத்துக்க."

நிரலைத் தானே சீராக்கி, தவறுகளைச் சிவப்பில் காட்டும் கருவி ஒன்றை அவள் நிறுவினாள். ராகு காலம் கழிந்ததும் பஞ்சாட்சரம் கணினிக்குக் கற்பூரம் காட்டி பட்டனை அழுத்தினார். டேப்பும் ஸ்பேஸும் நொடியில் சமாதானமாயின. ஆனால் எல்லாக் கோப்பிலும் முதல் வரி சிவந்தது. 'அந்நிய எழுத்து. நீக்கவும்.'

அங்கே இருந்தது கதிர்வேலின் பிள்ளையார் சுழி. அபிநவ் எழுதிய கோப்புகளில், 'ஸ்ரீ'.

"அந்நியமா?" கதிர்வேல் எழுந்தே விட்டார். "சாமிய எடுக்கச் சொல்லுதா? நான் தொட மாட்டேன். நீதான கொண்டாந்த, நீயே அழிச்சிக்க. பாவம் உனக்கு."

புவனேஸ்வரி பயந்து, முதல் வரியைப் பார்க்காதே என்று கருவிக்கு ஒரு விதிவிலக்கு எழுதினாள்.

"அண்ணாவுக்கு சுழின்னா, எனக்கு என்னோட நீள வரிம்மா. அதை உன் கருவி ரெண்டா உடைக்கப்படாது" என்றான் அபிநவ்.

பஞ்சாட்சரம் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "என் மச்சான் எழுதிக் குடுத்த கோப்புங்க இருக்குது பாரு, அதுங்கள தொடவே கூடாதும்மா. வூட்ல பெரிய சண்டையாயிடும்."

யாருக்கும் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எல்லோருக்கும் விலக்குக் கொடுத்த பிறகு கருவிக்குக் குறை சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. திரை முழுக்கப் பச்சை. பஞ்சாட்சரம் எல்லோருக்கும் இட்லி வாங்கிக் கொடுத்து, நிரலைச் சென்னைக்கு அனுப்பினார்.

சென்னைக்காரர்களின் கருவிக்கு மச்சான் உறவெல்லாம் தெரியாது. மறுநாள் காலை போன் வந்தது: 'ஒரே சிவப்பு. மாலைக்குள் சரி செய்யாவிட்டால் வேண்டாம்.'

"உன்ன நம்பினேனேம்மா!" என்றார் பஞ்சாட்சரம். மச்சானைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

புவனேஸ்வரி சாப்பிடாமல் வேலை செய்தாள். நீள வரிகள் உடைந்தன, மச்சானும் திருந்தினார். முதல் வரிகள் மட்டும் மிச்சம். எல்லாவற்றையும் ஒரே தட்டில் அழித்துவிடலாம். அவள் விசைப்பலகைக்கு மேலே விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

டீயோடு வந்த கதிர்வேல் நின்றார். "ஏம்மா, தட்டலியா? நேரமாவுது."

"உங்க சாமிண்ணா. நான் எப்படி அழிக்கிறது? வேல போனா போவுது."

அவர் டீயை அவள் பக்கம் தள்ளிவிட்டு நாற்காலியை இழுத்துக்கொண்டார். "சதுர்த்திக்கு மண்ணுல புள்ளையார வச்சி, கொழுக்கட்ட படைச்சி, அப்பறம் நாமதானம்மா தூக்கிக்கினு போயி தண்ணில கரைக்கிறோம்? அவரு என்னா கோச்சிக்கினாரா? தள்ளு, நான் பண்றேன். டேய் அபிநவ், உன்னுதும் நானே அழிக்கட்டுமா?"

"வேண்டாம்ணா. எங்க பெருமாள்கிட்ட உங்களுக்கு எதுக்கு வம்பு? நானே பண்றேன்."

ஒரே தட்டில் முடிகிற வேலைதான். கதிர்வேல் கேட்கவில்லை. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிறகுதான் அழித்தார். பக்கத்தில் புவனேஸ்வரியும் போட்டுக்கொண்டாள். இருட்டுவதற்குள் சென்னையிலிருந்து சம்மதம் வந்தது. பஞ்சாட்சரம் அவளுடைய வேலை நிரந்தரம் என்று அறிவித்துவிட்டு, மச்சானுக்கு எப்படிச் சொல்வது என்று யோசிக்க உட்கார்ந்தார்.