ரிவர்ஸ் போடாமல் காஷ்மீர்

ஆம்பூரில் கிளம்பி காஷ்மீர் வரைக்கும் காரை ஓர் அடிகூடப் பின்னால் எடுக்காமல் ஓட்டிப் போனவள் உலகத்தில் தேவகி ஒருத்திதான். இதில் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கேட்கிறவர்களுக்கு மயக்கம் வந்துவிடக் கூடாதே என்று கொஞ்சம் குறைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேவகி ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். கல்யாணமான நாளிலிருந்து கம்பெனி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போய்வந்தவள், ஐம்பது வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டு, பழைய சின்னக் கார் ஒன்றையும் வாங்கிவிட்டாள். கற்றுக்கொண்டதில் ஒரே ஓர் ஓட்டை. டிரைவிங் ஸ்கூலில் ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்த வாரம் கம்பெனியில் ஷிப்மென்ட் அவசரம், ஓவர்டைம் பார்க்கப் போய்விட்டாள். திரும்பிப் போனபோது அந்தப் பாடம் முடிந்திருந்தது. கேட்க வெட்கம். முன்னால் போகத்தானே கார் வாங்குகிறோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நிறுத்தும்போதே வெளியே போகும் வழியைப் பார்த்து நிறுத்துவாள். ஒரு வருஷமாக ஒருவருக்கும் தெரியாது.

அவள் புருஷன் வேலாயுதம் லாரி டிரைவர். நாட்டில் அவன் டீ குடிக்காத தாபா கிடையாது. அவனிடம் ஒருநாள் காலையில் இட்லியை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"கம்பெனில லீவு வுட்டுட்டாங்க. நானும் ஷஹீனும் சோபனாவும் காஷ்மீருக்குப் போறோம். பனியத் தொட்டுப் பாக்கணும். நான்தான் ஓட்டப்போறேன்."

வேலாயுதம் கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

"இன்னாது? நீயா? மொதல்ல ராணிப்பேட்டைக்குப் போய்ட்டு வா. அப்பறம் காஷ்மீரப் பத்திப் பேசலாம்."

"ஏன், ராணிப்பேட்டைல பனி பேயுதா?"

"சரி போ. ஆனா ஒரு கண்டிஷன். திரும்பி வர்ற வரைக்கும் ஒரு ஆம்பள கை அந்த ஸ்டீயரிங்ல படக் கூடாது. பட்டுச்சு, வண்டிய வித்துட்டு என் ஸ்கூட்டர் பின்னாடி உக்காந்துதான் கம்பெனிக்குப் போவணும். ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிறேன். நீங்க இட்லியத் துன்னுங்க."

வேலாயுதத்தின் ஸ்கூட்டரைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இந்தப் பந்தயத்தின் பயங்கரம் புரியும். பின்னால் உட்காருகிறவர்கள் மேட்டில் இறங்கித் தள்ள வேண்டும். பள்ளத்தில் காலைத் தேய்த்து நிறுத்த வேண்டும். கார் சாவியை அன்று தேவகி தாலிக்கயிற்றோடு சேர்த்து முடிந்துகொண்டாள்.

கூட வந்தவர்கள் இருவர். ஷஹீன் பானு தையல் பிரிவு. உருது பேசுவாள் என்பதால் வடக்கே மூவருக்கும் அவள்தான் வாய். சோபனா கடைசி இன்ஸ்பெக்‌ஷன். ஷூவில் எங்கே குறையோ அங்கே சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. அந்த ஸ்டிக்கர் ரோல் கைப்பையை விட்டு நகராது. ஒரு கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளையின் முகத்தில் ஒட்டிவிட்டாள் என்று ஊரில் பேச்சு. அது வடிகட்டின பொய். கோட்டுக் காலரில்தான் ஒட்டினாள்.

கர்னூல் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போனது. அங்கே சாப்பாட்டுக் கடைக்குத் திரும்ப வேண்டிய வழியை தேவகி கார் நீளத்துக்குத் தாண்டிவிட்டாள்.

"கொஞ்சம் பின்னாடி எடுடி," என்றாள் ஷஹீன்.

தேவகி முன்னால் எடுத்தாள். எடுத்துக்கொண்டே இருந்தாள். இரண்டு ஏரி, ஒரு மலை, ஒரு சந்தை எல்லாம் சுற்றி அதே கடைக்கு வந்தபோது மத்தியானச் சாப்பாடு தீர்ந்து ராத்திரிக்கு அரிசி ஊறவைத்திருந்தார்கள்.

"அக்கா, உண்மையச் சொல்லு," என்றாள் சோபனா. "உனக்கு ரிவர்ஸ் வராதா?"

"வராதுன்னு இல்ல. போட்டுப் பாத்ததில்ல."

"யா அல்லா! இத ஆம்பூர்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

ஷஹீன் வயிற்றைத் தடவிக்கொண்டாள். "வந்திருப்பேன். சோத்துமூட்ட கட்டிக்கினு வந்திருப்பேன்."

அதற்கப்புறம் மூவரும் சேர்ந்துதான் அந்த ரகசியத்தைக் காத்தார்கள். நாக்பூரில் ஒரு சந்துக்குள் நுழைந்தார்கள். சந்து ஒரு வீட்டு வாசலில் முடிந்துபோனது. ஷஹீன் இறங்கி விஷயத்தைச் சொன்னாள். வீட்டுக்காரர் நல்ல மனுஷர். முன்கதவைத் திறந்து, கூடத்தில் இருந்த கட்டிலை நிமிர்த்தி வைத்து, பின்கட்டுக் கதவையும் திறந்துவிட்டார். தேவகி செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் காரை வீட்டுக்குள் ஓட்டினாள், மரியாதை தெரிந்தவள். போகிற வழியில் அந்த வீட்டம்மா ஜன்னல் வழியாக ஆளுக்கொரு தட்டு அவல் நீட்டினாள். உப்பு கொஞ்சம் கம்மி.

இதற்கிடையில் வேலாயுதம் சும்மா இருக்கவில்லை. வழியெல்லாம் அவனுக்குத் தெரிந்த டிரைவர்கள். ஜான்சியில் தேவகி எத்தனை சப்பாத்தி சாப்பிட்டாள் என்பது அவள் கை கழுவுவதற்குள் ஆம்பூருக்குத் தெரிந்துவிடும். "ஸ்டீயரிங் யாரு கைல?" என்று தினமும் கேட்பான். "அண்ணிதான்ணே" என்று தினமும் பதில் வரும். வேலாயுதத்துக்குப் பெருமையும் பேஜாரும் ஒன்றாக வந்தன.

பஞ்சாபில் ரோட்டோரம் ஒரு குருத்வாரா. லாரிக்காரர்களெல்லாம் வண்டியை நிறுத்தி உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டுப் போகிற இடம். இவர்கள் போனபோது மைதானம் காலி. எப்படிவேண்டுமானாலும் சுற்றிக்கொண்டு வெளியே வரலாம் என்று தேவகி கவலையில்லாமல் மதில்சுவரைப் பார்த்து நிறுத்தினாள். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். ரொட்டியும் பருப்பும் பாயசமும் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள்.

"சாப்ட்டவங்க எதுனா ஒரு வேல செஞ்சுட்டுப் போறது இங்க வழக்கம்," என்றாள் ஷஹீன். "பாத்திரம் கழுவலாம், ரொட்டி தேய்க்கலாம், செருப்பு வைக்கிற எடத்துல நிக்கலாம்."

ஷூ கம்பெனிக்காரிகள் மூவர் எந்த வேலையைக் கேட்டிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. செருப்பு வாங்கி வைக்கும் பெரியவர் சந்தோஷமாக எழுந்து சாப்பிடப் போனார்.

அவர் போனதும் தேவகி அந்த அலமாரியைப் பார்த்தாள். கட்டம் கட்டமாக ஷூக்கள். எட்டாம் சைஸுக்குப் பக்கத்தில் ஆறு, கறுப்புக்குப் பக்கத்தில் பிரவுன், மண்ணும் சேறுமாக. ஒரு லைன் சூப்பர்வைசரின் வயிறு எரிகிற காட்சி. கட்டங்களில் எழுதியிருந்த நம்பர் அவள் கண்ணில் படவே இல்லை.

"ஷஹீன், நீ தொடச்சுக் குடு. சோபனா, நீ செக் பண்ணிக் குடு. நான் சைஸ்வாரியா அடுக்குறேன்."

லைன் ஓட ஆரம்பித்தது. வரவர ஷூ, போகப்போக வரிசை. கறுப்பு ஏழு எல்லாம் மேல்தட்டு, பிரவுன் எட்டு எல்லாம் நடுத்தட்டு, செருப்புகள் தனி. சோபனா ஒவ்வொன்றையும் வளைத்து, மோந்து, அம்பு ஒட்டினாள். அடிப்பாகம் விட்டிருந்ததெல்லாம் ரிஜெக்ட் என்று மேஜைக்கடியில் குவிந்தது. அந்தக் குவியல்தான் பெரிசு. வேலை முடிந்ததும் மூவரும் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்கள். இதை அப்படியே கன்டெய்னரில் ஏற்றி ஜெர்மனிக்கு அனுப்பலாம்; அத்தனை அழகு.

அப்போது உள்ளேயிருந்து கூட்டம் வெளியே வந்தது. கையில் கட்டத்து நம்பர் போட்ட டோக்கன்.

முதலில் வந்த ஆறடி சர்தார்ஜி டோக்கனை நீட்டினார். அந்த நம்பர் கட்டத்தில் தேவகி கையை விட்டாள். வெளியே வந்தது ஒரு குழந்தையின் ரோஸ் நிறச் செருப்பு.

"ஏசப்பா," என்றாள் சோபனா மெல்ல.

ஷஹீன் தன் ஆம்பூர் உருதுவில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். அந்த உருதுவைக் கேட்டுப் பாதிப் பேர் கோபத்தை மறந்து சிரித்தார்கள். மீதிப் பேருக்காக தேவகி ஸ்டூலின் மேல் ஏறி, ஜோடி ஜோடியாகத் தூக்கிக் காட்டினாள். தங்கள் ஷூவைக் கண்டவர்கள் கையைத் தூக்கினார்கள். அம்பு எதற்கு என்று கேட்டவர்களுக்கு ஷஹீன் விளக்கம் சொன்னாள். ஒரு டிரைவர் நம்பாமல் அம்பு காட்டிய இடத்தை இழுத்தார். அடிப்பாகம் கையோடு வந்துவிட்டது. அப்புறம் தன் ஷூவில் அம்பு இல்லாதவர்கள்கூட வரிசையில் வந்து சோபனாவிடம் காலை நீட்டினார்கள்.

இது முடியும்வரை ஒரு லாரியும் நகரவில்லை. புதிதாக வந்தவை மட்டும் வந்துகொண்டே இருந்தன. கடைசி ஜோடியைக் கொடுத்துவிட்டு மூவரும் மைதானத்துக்கு வந்தபோது தேவகியின் கார் சுவரைப் பார்த்தபடி இரண்டு லாரி வரிசைக்கு நடுவில் இருந்தது. இடமும் லாரி, வலமும் லாரி. லாரிகள் வெளியேற வேண்டிய வழியில் அந்தக் கார். கார் பின்னால் வந்தால்தான் யாரும் போக முடியும்.

ஹாரன்கள் கிளம்பின. தேவகி ஏறி உட்கார்ந்தாள். வேறு வழியில்லை, கியர் குமிழில் போட்டிருந்த படத்தைப் பார்த்து ரிவர்ஸ் என்று நினைத்த பக்கம் தள்ளினாள். கார் கனைத்தது. பிறகு ஒரே தாவலாக முன்னால் போய்ச் சுவரை முட்டிவிட்டு அணைந்தது.

ஹாரன்கள் நின்றன. எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

ஒரு டிரைவர் பரிவோடு ஜன்னலுக்கு வந்து, இறங்குங்கள், ஒரு நிமிஷத்தில் எடுத்துத் தருகிறேன் என்று கதவில் கை வைத்தார். தேவகி ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் லாரிகளுக்கு நடுவிலிருந்து ஆம்பூர்த் தமிழ் ஒன்று கேட்டது.

"தேவகிக்கா! நான்தான், துரைசாமி. கவலப்படாதீங்க, வேலாயுதண்ணன் வீடியோல இருக்காரு."

வேலாயுதத்தின் தோஸ்த். டெல்லிக்குத் தோல் ஏற்றிப் போய், அங்கிருந்து இன்னொரு லோடோடு பஞ்சாப் வந்தவன். செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அதற்குள்ளிருந்து வேலாயுதத்தின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

"குடுத்துடு தேவகி! பஞ்சாப் வரைக்கும் போனதே ஜாஸ்தி. இதுல வெக்கப்பட இன்னா இருக்குது? ஸ்கூட்டருக்குப் புது சீட்டு போட்டு வெக்கிறேன்."

தேவகிக்குக் கம்பெனி கேட்டில் கார் நிறுத்தும் இடம் கண்முன் வந்தது. பக்கத்திலேயே அந்த ஸ்கூட்டரும் வந்தது. கண்ணைத் துடைக்கக்கூட ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஷஹீன்," என்றாள். "இவங்ககிட்டச் சொல்லு. நான் எறங்க மாட்டேன்."

ஷஹீன் கூட்டத்தைப் பார்த்து இட்லியிலிருந்து ஸ்கூட்டர் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த எல்லோரும் கல்யாணமானவர்கள். ஸ்கூட்டரை மேட்டில் தள்ளும் இடம் வந்தபோது சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் வெள்ளைத் தாடிப் பெரியவர் ஒருவர் முன்னால் வந்தார். செருப்பு வைக்கும் இடத்திலிருந்து எழுந்து போன அதே பெரியவர்.

"ஸ்டீயரிங்கில் ஆண் கை படக் கூடாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"வண்டியின் மற்ற இடங்களில் படலாமா?"

ஷஹீன் தேவகியைப் பார்த்தாள். தேவகி செல்போனைப் பார்த்தாள். "ஏங்க, ஸ்டீயரிங்னுதானே சொன்னீங்க?"

"ஸ்டீயரிங்னுதான் சொன்னேன். ஏன் கேக்குற?" என்றான் வேலாயுதம்.

பெரியவர் திரும்பி ஒரு குரல் கொடுத்தார். லாரிகளிலிருந்து ஆட்கள் குதித்தார்கள். காரைச் சுற்றிலும் தலைப்பாகையாக இருந்தது. குனிந்தார்கள். எல்லோரும் சேர்ந்து தம் கட்டினார்கள்.

கார் எழும்பியது.

தேவகி உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். கீழே லாரி கேபின்களின் கூரை தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தூக்கியிருந்தால் பாகிஸ்தானும் தெரிந்திருக்கும் என்று பிற்பாடு சொன்னாள். கார் ஆகாயத்தில் மெல்லச் சுற்றியது. சும்மா உட்கார்ந்திருப்பது சரியில்லை என்று தேவகி இன்டிகேட்டர் போட்டாள். ஸ்டீயரிங்கையும் அந்தப் பக்கமே வளைத்தாள். தூக்குகிறவர்களுக்கும் ஓர் ஒத்தாசையாக இருக்கட்டும் என்றுதான். வாசலைப் பார்த்தபடி காரை இறக்கி வைத்துவிட்டு, பெரியவர் குழந்தை முகத்தை முந்தானையால் துடைப்பதுபோல பானெட்டைத் தன் துண்டால் துடைத்துவிட்டார்.

"இது போங்கு!" என்று கத்தினான் வேலாயுதம்.

"நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க. ஸ்டீயரிங்ல யாரு கை?"

துரைசாமி செல்போனை ஜன்னலுக்குள் நீட்டினான். இரண்டு கை, எட்டு கண்ணாடி வளையல். ஆம்பூர்ப் பக்கம் வேலாயுதம் வளையல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். பிறகு, "பத்தரமா ஓட்டிக்கினு போ," என்று மட்டும் வந்தது.

தேவகி பனியைத் தொட்டாள். ஷஹீன் அதை வாயில் போட்டுப் பார்த்து உப்பில்லை என்றாள். சோபனா ஒரு மலையைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, ஒட்ட இடமில்லை என்று ரோலைப் பைக்குள் வைத்தாள். திரும்பி வரும் வழியில் நாக்பூர் வீட்டுக்காரர் கட்டிலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்காக வேண்டியே அந்தச் சந்தில் போனார்கள்.

ஊருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவகி கார் சாவியோடு வேலாயுதத்தின் முன்னால் நின்றாள்.

"எனக்கு ரிவர்ஸ் கத்துக் குடுங்க. ஆனா ஸ்டீயரிங்கத் தொடக் கூடாது."

"தொடாம எப்பிடிக் கத்துக் குடுக்கிறது?"

"நீங்க பின்னாடி நில்லுங்க."

தண்ணீர் இல்லாத பாலாற்றில் மணல் கெட்டியாக இருந்த இடமாகப் பார்த்துக் காரை இறக்கினார்கள். நாடு முழுக்க லாரி ஓட்டிய வேலாயுதம் காருக்குப் பின்னால் போய் நின்றான். இத்தனை வருஷமாக அவனுக்கு வழிகாட்டி எத்தனையோ கிளீனர்கள் இப்படி நின்றிருக்கிறார்கள். சுற்றுமுற்றும் பார்த்தான். மாடு மேய்க்கிறவர்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. டிக்கியைக் கையால் தட்டினான்.

"வரலாம்... வரலாம்... லெப்ட்ல ஒடி... வரலாம்..."

தேவகி கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டே கியரை மாற்றினாள். கார் முதல்முறையாகப் பின்னால் போனது. வேலாயுதமும் போனான், காரைவிடக் கொஞ்சம் வேகமாக.