ஊற்றுக்கு மேலே ஒரு கோஸ் பாத்தி

நாயே வராத இடத்தில் நாயின் அசுத்தம் எப்படிக் கலக்கும்? அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த ஊற்றுநீர்ப் பரிசோதனைத் தாளை மூன்றாவது தடவையாகப் படித்தபோதும் பியோ கில்சாங்குக்கு அது விளங்கவில்லை. 'குடிக்கத் தகுதியற்றது. குடல் கிருமிகள் உள்ளன.' ஏப்ரலிலும் இதே முடிவு, ஜூலையிலும் இதே முடிவு. இப்போது அக்டோபர். இன்னொரு முறை இப்படி வந்தால் வட்ட அலுவலகம் ஊற்றை நிரந்தரமாக மூடிவிடும்.

"நாயைத்தான் ஜூலையிலயே விரட்டியாச்சே தலைவரே, இப்ப எது வந்து போகுதாம்?" தாள் என்ன சொன்னாலும் வழக்கம்போலக் கேனுடன் வரிசையில் நின்ற ஒரு பெண் கேட்டாள்.

"பேய் நாயா இருக்கும்!" என்றது இன்னொரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். ஊற்றுச் சங்கத் தலைவர் கில்சாங் சிரிக்கவில்லை.

அடுக்குமாடிகளுக்குப் பின்னால் இருந்த அந்தக் குன்றுக்கு முதலில் தண்ணீர் பிடிக்கத்தான் வந்தார்கள். வரிசையில் நிற்கும் நேரத்தில் கை கால் நீட்டினார்கள். தொங்கிப் பழக யாரோ ஒரு கம்பி கட்டினார்கள், இடுப்பில் சுழற்றும் வளையங்களை யாரோ மாட்டினார்கள். பூப்பந்துத் திடலைச் சமன் செய்தது கில்சாங்கும் தாக் ஜேஹ்வானும். பத்தொன்பது வருடம், தினமும் காலை ஆறு மணிக்கு இருவரும் ஆடினார்கள். தாக்கின் நாய் பந்தைப் பொறுக்கித் தரும்.

கில்சாங் கொதிகலன் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சுவருக்குள் ஒழுகும் குழாயைக் காதை வைத்தே கண்டுபிடிப்பார். ஜூலைத் தாள் வந்த அன்று அத்தனை பேர் முன்னாலும் தாக்கைப் பார்த்துச் சொன்னார்: "உன் நாயாலதான்யா ஊத்தே நாறுது. நாளையிலேருந்து அதைக் கூட்டிட்டு இங்க வராதே."

"மழை பெஞ்சா மட்டும்தானே தண்ணி கெடுது? என் நாய் வெயில்லயும்தான் வருது" என்றார் தாக்.

தாக் மட்டையைப் பைன் மரத்து ஆணியில் மாட்டிவிட்டு இறங்கிப் போனார். அப்புறம் வரவேயில்லை. அந்த மரத்திலேயே கில்சாங் 'நாய்களுக்கு அனுமதி இல்லை' என்று பலகை அடித்தார்.

நவம்பர் கடைசி, குளிர்காலத்துக்கான கோஸ் ஊறுகாயான கிம்ச்சி போடும் வாரம். ஊற்றுக்கு மேலே முப்பது அடி தள்ளி, பொது நிலத்தில், கில்சாங் வருடாவருடம் கோஸ் போடுவார். இந்த வருடம் மார்ச்சிலேயே, முதல்முறையாக, பாத்திக்குக் கோழி எருவும் கொட்டியிருந்தார். ஊற்றுக்கு வருபவர்கள் எல்லோருமே அதில் பங்கு வாங்கியவர்கள். அன்று அறுபது கோஸ்கள் வெட்டிக் கிடந்தன.

"இத்தனையும் தூக்கிட்டு நாலு மாடி ஏற என் முட்டி தாங்காதுங்க. இங்கயே உப்புத் தண்ணியில ஊறப் போட்டுடலாம்" என்றாள் மனைவி பொக்ஹீ. மறுநாள் கோஸ் துவண்டதும், பெரிய தொட்டிகளிலிருந்த உப்புத் தண்ணீரைப் பாத்தியிலேயே கவிழ்த்துவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து வரிசையில் ஒருவர் வாயிலிருந்ததைத் துப்பினார். "தலைவரே, ஊத்துக்குள்ள யாரு கிம்ச்சி போட்டது?"

கில்சாங் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தார். கரித்தது. அவர் பாத்தியை நிமிர்ந்து பார்த்தார்.

குன்றின் மேல்மண் சல்லடை மாதிரி. அதில் விழும் நீர் இறங்கி, அடியிலுள்ள பாறையைத் தொட்டு, அதன் மேலேயே சரிந்து வரும். பாறை முடியும் இடத்தில் வெளியே எட்டிப் பார்க்கும். அதைத்தான் ஊற்று என்கிறோம். உப்பு வந்த வழியில்தான், ஒவ்வொரு மழைக்கும், அவர் பாத்தியில் கொட்டிய கோழி எருவும் வந்திருக்கிறது. தாக் அன்றே சரியாகச் சொல்லியிருக்கிறார்.

மரத்திலிருந்த மட்டையை எடுத்துக்கொண்டு தாக்கின் வீட்டுக்கு ஓடினார். கதவைத் திறந்தது தாக்கின் மகள் உன்சில். கையில் நாய். பின்னால் பாதி கட்டிய அட்டைப்பெட்டிகள்.

"அப்பா போன மாசம் தவறிட்டாரு மாமா. பூசான்ல, என் வீட்டுல வச்சு" என்றாள். "அங்கயும் விடிஞ்சதும் ஷூ போட்டுக்கிட்டு, இதைப் பிடிச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் போவாரு. 'இப்ப எங்க போறது'ன்னு திரும்பி வந்து உக்காந்துடுவாரு."

கில்சாங் மட்டையை நீட்டினார். "நாய் இல்லம்மா. நான்தான். என் கோஸ் பாத்திதான்."

அவள் மட்டையை வாங்கிக்கொண்டாள். விரலால் அதன் நரம்புகளைத் தடவினாள். "அப்பாவை எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க? இதையும் அங்க போய்ச் சொல்லுங்க."

மறுநாள் காலை ஆறு மணிக்கு, வரிசையின் முன்னால் நின்று கில்சாங் சொன்னார். "தாக் மேலயும் நாய் மேலயும் பழி போட்டேன். என் பாத்தியை மட்டும் பார்க்கல. பொதுவுல ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா, அடுத்தவனைக் கை காட்டுறதுக்கு முன்னாடி நாம அதுல என்ன கொட்டினோம்னு பார்க்கணும். நான் பார்த்திருந்தா அந்த மனுஷன் இங்க விளையாடிக்கிட்டு இருந்திருப்பான்."

எருவேறிய மண்ணைச் சாக்குகளில் அள்ளி, கைக்குக் கை மாற்றிக் கீழே இறக்கினார்கள். குளிர்காலமும் அடுத்த மழைக்காலமும் ஊற்று பூட்டிக் கிடந்தது. அக்டோபரில் 'தகுதியானது' என்று தாள் வந்தது. நாய்ப் பலகை இருந்த இடத்தில், கில்சாங்கின் கையெழுத்தில், இப்போது இருப்பது இதுதான்: 'ஊற்றுக்கு மேலே நூறு அடிக்குப் பயிர் வேண்டாம், எரு வேண்டாம். மேட்டில் விழும் மழை சுற்றிப் போக ஒரு வாய்க்கால் வேண்டும்.'