கால் ஊன்றாத கரப்பான்

தலையில்லாத அந்தக் கரப்பான்பூச்சி முப்பது வருஷத்துக்கு மேல் உயிரோடிருந்தது. அத்தனை காலமும் தன் இடது பின்னங்காலைக் கீழே வைக்கவில்லை. தலையை எடுத்தவர் பூச்சி நரம்புகளை ஆராயும் விஞ்ஞானி. அப்போது அவருக்குக் கல்யாணமாகிச் சில மாதம்தான். நினைவு என்பது தலைக்கு மட்டும் சொந்தமல்ல, பூச்சியின் மார்பிலுள்ள நரம்பு முடிச்சும் கற்றுக்கொள்ளும் என்று நிரூபிக்க ஆசைப்பட்டார். கழுத்தை மெழுகால் அடைத்து, உடம்பைக் கம்பியில் தொங்கவிட்டு, காலுக்கடியில் உப்புநீர்க் கிண்ணம் வைத்தார். கால் நீரைத் தொட்டால் ஷாக் அடிக்கும். அரை மணி நேரத்தில் கால் மேலே போனது, போனதுதான். மற்ற ஆய்வகங்களில் இப்படிப்பட்ட பூச்சிகள் சில நாளில் நாகரிகமாகச் செத்துப்போகும். இது சாகவில்லை.

அன்று மாலையே அவர் மின்சாரத்தை நிறுத்தி ஒயரையும் பிடுங்கிவிட்டார். அதைப் பூச்சிக்குத் தெரிவிப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது.

"கரண்ட் இல்லன்னு அதுகிட்ட சொல்லிட வேண்டியதுதானே?" என்றாள் மனைவி.

"தலையே இல்ல, எப்படிக் கேக்கும்?"

"ஆமா, தலை இருக்கற நீங்க மட்டும் நான் சொல்றதெல்லாம் கேட்டுக் கிழிச்சிட்டீங்களாக்கும்."

கரப்பான் அதிர்வைக் காலால் கேட்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் எதையாவது தொட்டால்தான் கேட்கும். தொடத்தான் அதற்குப் பயம். ஆகவே நரம்பு வழியாகவே போய்ச் சொல்லப் பார்த்தார். காலைத் தூக்கிப் பிடிக்கும் தசையைக் கண்டுபிடித்தார், அதற்குக் கட்டளையிடும் நரம்பைக் கண்டுபிடித்தார், அந்த நரம்பை அதட்டி அடக்கும் இன்னொரு நரம்பையும் கண்டுபிடித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுரை, ஒரு பதக்கம், ஒரு விமானப் பயணம். உலகம் அவரை மேதை என்றது. அவர் தேடியதோ ஒரு மன்னிப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வழி. நரம்பின் துடிப்பைக் கேட்க ஒலிபெருக்கி வைத்திருந்தார். டப், டப், டப் என்று அது பயந்துகொண்டேயிருந்தது. சில வருஷத்தில் அந்தச் சத்தம் அவரோடு வீட்டுக்கே வந்துவிட்டது. ஃப்ரிட்ஜுக்குள் கேட்டது, குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் வந்தது, தலையணையைத் திருப்பிப் போட்டால் அந்தப் பக்கமும் இருந்தது. ஆய்வகத் தெருவில் நாய்கள் மூன்று காலில் நடந்தன. பார்க்க வந்த பேராசிரியர்கள் கொக்கு மாதிரி நின்று உரையாற்றிவிட்டு, அப்படி நின்றதே தெரியாமல் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

ஓய்வு பெற்ற அன்று கம்பியும் கிண்ணமும் ஒலிபெருக்கியுமாகப் பூச்சியை வீட்டுக்குத் தூக்கிவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். மேசையைத் துடைத்த மனைவியின் விரல் கிண்ணத்தில் பட்டது. அலறிவிட்டாள்.

"ஷாக் அடிக்குதுங்க!"

"ஒயரே இல்ல, எப்படி அடிக்கும்?"

"நீங்களே தொட்டுப் பாருங்க, அறிவாளி."

இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்த்ததில்லை. தொட்டார். நாற்காலியோடு சுவர்வரை போய் மோதினார். சோதனையன்று பாய்ந்த மின்சாரம் முழுக்க நீரிலேயே இருந்தது, பூச்சிதான் சரி.

மறுநாள் முதல் விரலை நீரில் விட்டு உட்கார்ந்துகொண்டார். மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குள் இறங்கியது. பல் கிட்டியது, முடி நட்டுக்கொண்டு நின்றது, கையில் பல்பைக் கொடுத்தால் எரிந்தது. "போதுங்க, கையை எடுங்க" என்று மனைவி கெஞ்சுவாள். "கொஞ்சம்தான் பாக்கி" என்பார். மழைக்காலம் முடியும்போது நீர் வெறும் நீரானது. கால் மெல்ல இறங்கி, நீரைத் தொடாமல் அவர் விரல்மேல் உட்கார்ந்தது. ஒலிபெருக்கி அடங்கியது. ஆய்வகத் தெரு நாய்கள் நாலாவது காலை ஊன்றின. பூச்சி அந்தி சாய்வதற்குள் நாகரிகமாகச் செத்தது.

அவர் எழுந்தார். இடது காலும் கூடவே எழுந்தது, இறங்கவில்லை. மனைவி குனிந்து தரையைத் தொட்டுக் காட்டினாள்.

"பாருங்க, ஒண்ணுமில்ல. வைங்க."

"எனக்குத் தெரியுதும்மா. காலுக்குத்தான் தெரியல."

அதன்பின் நெடுநாள் வாழ்ந்தார். அவள் தினமும் காலையில் தரையைத் தொட்டுக் காட்டுவதை விடவில்லை. வாசலில் இடது செருப்புகள் வாங்கினபடியே புதிதாகச் சேர்ந்துகொண்டிருந்தன. பிற்பாடு செருப்புக் கடைக்காரர் வலதை மட்டும் பாதி விலைக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார்.