டயருக்குள் விட்ட கை

மல்லாங்கிணறு காளீஸ்வரன் வாழ்க்கையில் சொன்ன ஒரே பெரிய பொய், "நாலு ஏக்கருக்கும் நான்தான் மாமா களை வெட்டுறேன்" என்பது. ஆயுத பூசைக்குப் பொட்டு வைப்பதற்காக மண்வெட்டியைத் தொட்டதோடு சரி. ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிற கை அது.

ஆனால் கஸ்தூரியைப் பெண் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அப்பா பரளச்சி பொன்னுச்சாமியோ, கை காய்க்காதவனுக்குப் பெண் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மூன்று நாள் செங்கல்லை வைத்துத் தேய்த்துப் பார்த்தான். கை சிவந்ததே தவிர காய்க்கவில்லை, பாவம்.

எண்பத்தெட்டாம் வருஷம் சித்திரையில், இரவல் மோட்டார் சைக்கிளில் பதில் கேட்கப் போனான். பொன்னுச்சாமி வீட்டு வாசலில் நிறுத்தும்போதே முன் டயர் உட்கார்ந்துவிட்டது.

சைக்கிள் கடை பால்ச்சாமியைக் கூப்பிட்டார்கள். அவன் டியூப்பை உருவிக் காற்றடித்து, மாட்டுத் தொட்டித் தண்ணீரில் முக்கி, குமிழி வந்த இடத்தில் ஒட்டுப் போட்டான்.

"டயருக்குள்ள முள்ளு கெடக்கான்னு பாக்காம மாட்டக் கூடாது" என்று உள்ளே கையை விட்டுத் தடவினான். பிறகு பொன்னுச்சாமி தடவினார். அவர் தம்பி தங்கசாமியும் தடவினார். மூன்றும் அடுப்புக் கங்கை அப்படியே அள்ளுகிற கைகள். மூவரும் ஒன்றுமில்லை என்றார்கள்.

"மாப்ள, நீங்களும் ஒருக்க தடவுங்க" என்றார் பொன்னுச்சாமி.

பாதிச் சுற்றுக்கூட போகவில்லை. சுரீர் என்றது. கருவேல முள்! கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் களை வெட்டுகிறவனுக்கு இதெல்லாம் தெரியலாமா?

"ஒண்ணுமில்ல மாமா" என்றான் காளீஸ்வரன், பல்லைக் கடித்துக்கொண்டு.

மாட்டினார்கள். காப்பி ஆறுவதற்குள் புஸ்ஸென்று போனது. மறுபடி கழற்றி, முக்கி, ஒட்டி, தடவினார்கள். அதே முள், அதே விரல், அதே "ஒண்ணுமில்ல மாமா." மறுபடியும் புஸ்.

"மாடு குடிக்க வச்ச தண்ணிய இன்னும் எத்தன தடவ கலக்குவீக?" என்று கத்தினாள் கஸ்தூரியின் அம்மா கருத்தம்மாள்.

பொன்னுச்சாமி முகம் இருண்டது. "வாசல்ல வச்சு மூணு தடவ காத்துப் போயிருச்சு. சகுனம் சரியில்ல தம்பி. இந்தப் பேச்ச விட்ருவோம்."

மாப்பிள்ளை தம்பியாகிவிட்டான். சும்மா இருந்தால் சகுனம் கெடுக்கும், வாயைத் திறந்தால் கை கெடுக்கும். நிலைப்படியில் நின்ற கஸ்தூரியைப் பார்த்தான். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று தோன்றிவிட்டது.

"சகுனமில்ல மாமா, முள்ளு!" என்று டயருக்குள் கையை விட்டான். "ஐயோ அம்மா!" என்று அவன் போட்ட சத்தத்தில் வேம்பிலிருந்த காக்கையெல்லாம் பறந்தன. பால்ச்சாமி குறடு வைத்து முள்ளைப் பிடுங்கினான்.

பொன்னுச்சாமி முள்ளைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையை அமுக்கினார்.

"இதென்னய்யா, இட்லி கணக்கா இருக்கு?"

"சேலை மடிக்கிற கை மாமா. நான் களையெல்லாம் வெட்டுனதில்ல."

கஸ்தூரி சிரிப்பை அடக்கமாட்டாமல் சொன்னாள்: "மூணு கை தடவியும் தெரியலையேப்பா. முள்ளு தெரியுற கை நம்ம வீட்டுக்கு ஒண்ணாச்சும் வேணாமா?"

பொன்னுச்சாமி தன் கையை ஒருமுறை, அவன் கையை ஒருமுறை பார்த்தார். "சரி, காப்பியக் குடிங்க மாப்ள" என்றார்.

கல்யாணம் நடந்தது. அதன்பின் காளீஸ்வரன் மாமனார் வீட்டுக்கு வந்தால் போதும், பால்ச்சாமி டயரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். வண்டியோ, சைக்கிளோ, மாட்டுமுன் மாப்பிள்ளை கை உள்ளே போயாக வேண்டும். "ஐயோ அம்மா" கேட்டால் முள் அகப்பட்டது என்று தெருவுக்கே தெரியும்.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள், தங்கசாமியின் வண்டி டயரை மூன்று சுற்றுத் தடவினான். சத்தமே இல்லை. "ஒண்ணுமில்ல சின்ன மாமா" என்றான், இந்த முறை நிஜமாகவே.

வண்டி தெருமுனை தாண்டவில்லை, புஸ்! தங்கசாமி திட்டிக்கொண்டே உருட்டி வந்தார்.

பொன்னுச்சாமி காதில் அது எதுவும் விழவில்லை. ஓடிப்போய் மருமகன் உள்ளங்கையைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு.

"ஏ கருத்தம்மா, ஓடியா! மாப்ளைக்குக் கை காச்சிருச்சு!"