பாலாற்று மணலுள் ஓர் உறை

ஏலகிரி தொலைவில் நீலப் புகையெனத் தோன்ற, ஆம்பூரின் தோல் ஆலைகள் அந்தி வானைக் கரும்புகையால் கீற, இடையே பாலாறு வெயில் ஆறாத வெண்மணலாய்ப் பரந்து கிடந்தது. நீரில்லை என்று எண்ணற்க, படிப்போரே. இந்த ஆறு கோடையில் மணலின் கீழ் ஊர்வது. சித்திரை பிறந்ததும் தெருவார் கூடி, ஒருவர் தோண்ட ஒருவர் மணல் வாரி, ஊற்றுக்கண் திறப்பர். ஒருவரே தோண்டினாலோ, சரியும் மணல் குழியைத் தூர்த்துவிடும்.

ஆலைகளில் தோல் அழுகாதிருக்க உப்பிடுவர். பதனிடுமுன் அவ்வுப்பைக் கழுவுவர். கழுவிய நீர் மணலுள் இறங்கி, ஆற்றோடு ஊர்ந்து, ஊற்றையும் கிணற்றையும் கெடுத்தது. தெருவார் ஒவ்வொருவராய் ஊர் பெயர, எஞ்சியவள் கண்ணம்மாள் ஒருத்தியே. குழாய்நீர் வந்தால் அவர்கள் மீள்வர் என்று அவள் நம்பியிருந்தாள்.

இரண்டாயிரமாம் ஆண்டுக் கோடையில் நத்தானியேல் என்னும் அலுவலர் ஆராய வந்தார். நீரிலுள்ள உப்பு தோல் ஆலைகளால் விளைந்ததெனில் குழாய் வரும், இயற்கையெனில் வாராது. வெள்ளையர் காலத்து நிலப்படமோ அவ்விடத்தை உவர்த்தரிசு என்றது. வரி தாராத மண்ணைத் தரிசென்று எழுதியோர் போனபின்னும், அவர் சொல் இயற்கை என்னும் பெயர் பூண்டு ஆண்டுகொண்டிருந்தது.

“இந்த மண்ணோட இயற்கையே உப்பும்மா. மேப்புல அப்டித்தான் போட்ருக்கு.”

“மேப்பு போட்டவன் இங்க இன்னா தண்ணியா குடிச்சான்? அத்த வுடுங்க சார். வந்தது வந்தீங்க, நான் தோண்டறேன், மணல வாரிப் போடுங்க. ஆளில்லாம குழி சரிஞ்சு சரிஞ்சு ஒரே பேஜாரு.”

“ஆபீசருக்கு மண்வேலையா?”

“கூலி கேக்காதீங்க, அவ்ளோதான்.”

அவர் நகைத்து, கால்சட்டையை மடித்துக் குனிந்தார். இடுப்பளவு ஆழத்தில் அவர் கையில் தட்டுப்பட்டது சுட்டமண் கிணற்று உறையொன்று: மணல் சரியாதிருக்க முன்னோர் இறக்கியது, விளிம்பெங்கும் நீர் இறைத்த கயிறு தேய்த்த தடங்கள். உள்ளே ஊறிய நீரை நாவில் வைத்தவர் உப்புக் கரிக்கத் துப்பினார். தடங்களை நெடுநேரம் தடவினார்.

“உப்புத் தண்ணிக்கு யாரும்மா உறை எறக்குவாங்க?” என்றார், தமக்கே சொல்வார்போல.

இயற்கை என்று தம் அறிக்கையில் எழுதியிருந்ததை அங்கேயே அடித்தார். மறு ஆண்டு குழாய் வந்தது, நன்னீர் வந்தது, தெருவார் வந்திலர்.

மணலும் நீரும் மட்டுமே ஆறென்போர் என்க. தோண்டும் கையும் வாரும் கையும் கூடியதே அந்த ஆறு. அடுத்த சித்திரையில், குழாயடியில் குடம் நிறைந்து வழிய, கண்ணம்மாள் மண்வெட்டியோடு ஆற்றில் இறங்கினாள். ஒருபுறம் குனிந்து தோண்டினாள்; நிமிர்ந்து மறுபுறம் சென்று, அம்மணலைத் தானே வாரினாள். அவள் திரும்புமுன் குழி தூர்ந்திருந்தது.